பழி சுமந்த கார்டு

அவிநாசியிலிருந்து நண்பன் நேற்று போன் செய்தான். "மச்சா, நீ வெச்சிருக்கற லேப்டாப் இப்ப வெலை கொறஞ்சிருக்குதாமா, வாங்கட்டுமா?" ஒரு வார்த்தையில் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, துணி முழுக்க வரும் ஆல் ஓவர் பிரிண்ட் டிசைன் போட்டுத் தருவது இந்த லேப்டாப்பில்தான். கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துவிட்டது, பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் நிற்கிறது. அதெல்லாம் போகட்டும். என் உயிரை எடுத்தது ஒரு கறுப்புக் கட்டம்.

ஒரே டிசைன் அடுத்தடுத்து ஒட்டி வரும் ரிப்பீட் சரியாக விழுகிறதா என்று டிசைன் சாப்ட்வேரில் ஜூம் செய்தால், பூவுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும். கேன்வாஸை நகர்த்தினால் வேறிடம் தாவும். சேவ் செய்த பைலில் இருக்காது.

காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "வீடியோ கார்டு போயிருச்சுங்க. போர்டோட ஒட்டுன சிப்புங்க, தனியா மாத்த முடியாது. போர்டவே மாத்தோணும், 19,000 ஆகுமுங்க." பேச்சில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பணம் இல்லாததால் நானே நோண்டினேன். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கேயும் கட்டம் இருந்தது. அப்படியென்றால் திரையிலோ அதன் கேபிளிலோ கோளாறு இல்லை. படம் திரைக்குப் போகும் முன்பே கெட்டிருக்கிறது. அப்புறம் சாப்ட்வேர் செட்டிங்கில் கிராபிக்ஸ் உதவியை அணைத்தேன். கட்டம் காணோம், ஆனால் பிரஷ் மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது. சரி, கடைக்காரர் சொன்னது நிஜம்தானோ என்று வயிற்றைக் கலக்கியது.

எந்த சிப் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த லேப்டாப்பில் படம் வரையும் சிப், அதாவது ஜிபியு, இரண்டு: பிராசசருக்குள்ளேயே இருப்பது ஜிபியு 0, தனிக் கார்டு ஜிபியு 1. கட்டம் வரும் நேரத்தில் 0 மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, 1 சுத்தமாகப் பூஜ்யம் சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போச்சு என்று சொன்ன கார்டு வேலைக்கே வரவில்லை!

விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ். அங்கே டிசைன் சாப்ட்வேரைச் சேர்த்து 'ஹை பெர்பார்மன்ஸ்' கொடுத்தேன். கட்டம் போயே போய்விட்டது. 64 லேயர் வைத்த பைலை அன்று ராத்திரி முழுக்க உருட்டினேன், வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நாலு வருஷத்தில் அந்தக் கார்டின் அருமை தெரிந்தது அன்றைக்குத்தான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல பெயரே எழுதியிருப்பேன். அந்தச் செட்டிங் சாப்ட்வேரின் பெயரைப் பார்ப்பதில்லை, அது இருக்கும் போல்டரைப் பார்க்கிறது. டிசைன் சாப்ட்வேரோ ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் புது போல்டர் போட்டுக்கொள்கிறது. போன வாரம் அப்டேட் ஆனது. பையர் சாம்பிள் கேட்டு நிற்கும் நேரத்தில், காலர் பக்கத்தில் மறுபடி அதே தீப்பெட்டி.

மாப்ளே, மிஷின் தங்கம். நீ வாங்காதே. என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தர மாட்டேன்.