8,500 ரூபாய் டிரையத்லான் முகாம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய டிரையத்லான் பந்தயம் கோவா 70.3. அதற்குப் பெயர் கொடுத்தவர்களைக் குறிவைத்து ஈசிஆர் பக்கம் வார இறுதி முகாம்கள் முளைத்திருக்கின்றன. வெள்ளி இரவு கடற்கரையில் கூடாரம், சனிக்கிழமை 1.9 கி.மீ. கடல் நீச்சலும் 90 கி.மீ. சைக்கிளும், ஞாயிறு 21 கி.மீ. ஓட்டம். தலைக்கு 8,500 ரூபாய். ஆகஸ்டில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே 22 பேரோடு நடந்த அப்படி ஒரு முகாமின் கணக்கு இது. புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடலும் இலவசம், சாலையும் இலவசம். 8,500 ரூபாய் போவது தண்ணீரில் கூட வரும் படகுக்கும், சாலையில் பின்னால் வரும் காருக்கும், சைக்கிள் மக்கர் பண்ணினால் கை வைக்க ஒரு மெக்கானிக்குக்கும்தான். விளம்பரத்தில் மூன்றும் இருந்தன.

நீச்சலில் நடந்ததுதான் மோசம். கரையிலிருந்து 475 மீட்டரில் ஒரு மிதவை, இரண்டு முறை போய் வந்தால் 1.9 கி.மீ. என்றார்கள். மிதவை என்று அவர்கள் போட்டது மூடி இறுக்கிய ஒரு காலி 20 லிட்டர் தண்ணீர் கேன். அதில் நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அரை மூட்டை மணல். மணல் மூட்டை அடிமணலில் பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். பிடிக்க வேண்டுமென்றால் கொக்கி வைத்த நங்கூரம் வேண்டும், கயிறும் ஆழத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு நீளம் வேண்டும். இங்கே கயிறு ஆழத்துக்குச் சரியாக இருந்தது. ஒவ்வொரு அலையும் கேனைத் தூக்க, கேன் மூட்டையைத் தூக்கியது.

ஆகஸ்ட் காலையில் நம் கரையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடல் பக்கம் வீசும். கரையோரம் அலை அடங்கி ஏரி மாதிரித் தெரியும். புதிதாக வந்தவர்கள் இன்றைக்குக் கடல் சாது என்று நினைப்பார்கள். மிதப்பதையெல்லாம் வெளியே தள்ளுவதும் அதே காற்றுதான். போதாததற்கு இந்த மாதங்களில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். கேன் வடகிழக்கே நகர, அதைக் குறிவைத்து நீந்தியவர்களும் கூடவே போனார்கள். முடித்து வந்தவர்களின் கடிகாரங்களில் 2.3 முதல் 2.6 கி.மீ. வரை காட்டியது. ஒருவர் புறப்பட்ட இடத்திலிருந்து 600 மீட்டர் வடக்கே கரையேறி, வெறுங்காலோடு மணலில் நடந்து வந்து சேர்ந்தார். அதற்குள் மற்றவர்களைச் சைக்கிளில் அனுப்பிவிட்டார்கள். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ண யாரிடமும் ஒரு பட்டியல்கூட இல்லை.

பாதுகாப்புப் படகு ஒரு மீன்பிடி ஃபைபர் படகு. வலையோடு இருந்தது. படகுக்கார அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் குளிப்பார்கள், பக்கத்தில் நில்லுங்கள் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆறே முக்காலுக்கு அவர் வலையை எடுக்கப் போய்விட்டார். அவர் நின்றிருந்தாலும் அது மீட்புப் படகு ஆகாது. அந்தப் படகுகளில் நீண்ட தண்டின் முனையில் சுற்றும் விசிறிக்கு உறை கிடையாது. நீந்துகிறவர் பக்கத்தில் அதைக் கொண்டுபோவதே ஆபத்து. கிட்டே வரக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு அல்லது மீட்புப் பலகை வேண்டும், எஞ்சின் படகு வெளி ஓரத்தில் நிற்க வேண்டும். தருவதாகச் சொன்ன ஆரஞ்சுத் தொப்பியும் வரவில்லை. நீலத் தொப்பியும் கறுப்புத் தொப்பியும் கடலில் நூறு மீட்டருக்கு அப்பால் கண்ணில் படாது. இடுப்பில் கட்டும் காற்றுப்பையைச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்த மூன்று பேரை மட்டும்தான் கரையிலிருந்து அடையாளம் காண முடிந்தது.

அடுத்தது சைக்கிள். சென்னையிலிருந்து 22 சைக்கிளையும் ஒரே குட்டி லாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, ஒரே கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். நடுவில் அட்டையோ போர்வையோ இல்லை. இதில் முதலில் அடி வாங்குவது ஹேங்கர். பின்பக்கம் கியர் மாற்றும் டீரெய்லியரைச் சட்டத்தோடு பிடிக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. சட்டம் உடையாமல் தான் வளையட்டும் என்றே மெலிதாகச் செய்திருப்பார்கள். நாலு சைக்கிளில் அது வளைந்திருந்தது. சைக்கிளுக்குப் பின்னால் குந்திப் பாருங்கள்: டீரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே இருக்கும் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கீழ்முனை ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் ஏறாதீர்கள். மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றும் நொடியில் டீரெய்லியர் ஸ்போக்ஸுக்குள் போகும், சக்கரம் அப்படியே நிற்கும். இங்கே ஒன்று அப்படித்தான் போனது. நல்லவேளை, வேகம் குறைவு. ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு, இன்னொருவருடையது பொருந்தாது. உங்கள் மாடலுக்கு ஒன்று வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

மெக்கானிக் என்று வந்தவர் லாரி டிரைவர். அவரிடம் இருந்தது கார் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர். ரேஸ் சைக்கிளின் ஒல்லி பிரெஸ்டா வால்வில் அதன் வாய் உட்காராது. நடுவில் வைக்கும் பித்தளை அடாப்டரைக் கட்டைவிரல் நுனியில் நிறுத்தலாம், விலையும் அற்பம். அது இல்லாததால் ஆறு பேர் 60 பிஎஸ்ஐ-க்கும் குறைவான காற்றோடு புறப்பட்டார்கள். 25 மி.மீ. டயரில் 70 கிலோ ஆளுக்கு 80 முதல் 90 வேண்டும். குறைந்தால் ஒரு பள்ளத்தில் விளிம்பு டியூபைக் கடித்துவிடும், பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி பக்கம் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது, பள்ளத்துக்குக் குறைவில்லை.

பின்னால் வந்தது ஒரே கார். மணிக்கு 22 கி.மீ. போகிறவரும் 34 போகிறவரும் ஒரே கூட்டத்தில் இருந்தால், ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் நடுவே 12 கி.மீ. விழும். அதில் ஒரு கார் யாரோடு போகும்? முன்னால் போகிறவர்களோடு போனது, வீடியோவுக்காக. 20 கி.மீ.க்கு ஒரு இடத்தில் தண்ணீர் என்றவர்கள் 45-ஆவது கி.மீ. திருப்பத்தில் மட்டும் வைத்திருந்தார்கள்.

அங்கே தண்ணீரோடு கொடுத்தது ஓஆர்எஸ் என்று சொல்லி ஒரு பழச்சுவை டப்பா. சர்க்கரைத் தண்ணீர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் இருக்க வேண்டும். அந்த அளவில் இல்லாத பானங்கள் லேபிளில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டது. உண்மையான ஓஆர்எஸ்ஸும் சாப்பாடாகாது என்பது தனி விஷயம்: லிட்டருக்கு 54 கலோரி. நீண்ட சைக்கிளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வைத்திருந்தால்கூடப் போதும். வைக்கவில்லை.

கூடாரத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. மணலில் சாண் நீள ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள், நள்ளிரவுக் காற்றில் மூன்று பிடுங்கிக்கொண்டன. 22 பேருக்கு இரண்டு கழிப்பறை. இரவு ஒன்பதரைக்குப் பரோட்டா, நாலு மணிக்கு எழுப்பல்.

பணம் ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்குப் போனது, ரசீது இல்லை. ஜிஎஸ்டி எண் இல்லாததை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது; ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் தேவையில்லை. ஆனால் எத்தனை கயாக், எத்தனை உயிர்காப்பாளர், அவர்களிடம் ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி மாதிரி ஓர் அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை கார், மெக்கானிக் யார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்புங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கடிகாரத்தில் பதிவான தடத்தையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

செப்டம்பர் முகாமுக்கு விளம்பரம் வந்துவிட்டது. இந்த முறை 9,500. படத்தில் வரிசையாக ஆரஞ்சு மிதவைகள், பக்கத்துக்கு ஒரு கயாக், பின்னால் வானத்தை முட்டும் பச்சை மலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் அந்த மலை எங்கே இருக்கிறது என்று கமெண்டில் ஒருவர் கேட்டார். கமெண்டை எடுத்துவிட்டார்கள்.