502 வந்தால் எங்கே பார்ப்பது: என்ஜின்எக்ஸ், பிஎச்பி எஃப்பிஎம் சோடியுடன் சில வருடங்கள்

யாழ்ப்பாணத்தில் சிறிய வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்பவனுக்கு வாடிக்கையாளர் யார்? கோயில்கள், ரியூட்டரிகள், வெளிநாட்டில் இருப்பவர்கள் நடத்தும் ஊர்ச் சங்கங்கள். என்னிடம் இருப்பவை எல்லாம் பிஎச்பியில் எழுதியவை, பாதி யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போனவை. ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் கிடந்தவற்றைச் சில வருடங்களுக்கு முன் ஒரு விபிஎஸ்ஸுக்கு (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சேர்வர்) மாற்றி, அதிலுள்ள உபுண்டுவில் என்ஜின்எக்ஸும் பிஎச்பி எஃப்பிஎம்மும் போட்டேன். இதன் வேகத்தைப் பற்றி எழுத ஆட்கள் நிறையப் பேர். பழுது வந்தால் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் என் கதை.

இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பார்வையாளரிடமிருந்து வருகிற ரிக்வெஸ்டை வாங்குவது வெப் சேர்வரான என்ஜின்எக்ஸ். பிஎச்பி ஃபைல் என்றால் ஒரு சொக்கெற் (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக எஃப்பிஎம்மிடம் தள்ளிவிடும். ஸ்கிரிப்டை ஓட்டுவது எஃப்பிஎம். ஆகவே பழுது வந்தால் திரையில் வரும் எரர் இலக்கமே பாதி விடை. 500 என்றால் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கி நடுவில் விழுந்திருக்கிறது. 504 என்றால் எஃப்பிஎம் வேலையில்தான் இருக்கிறது, என்ஜின்எக்ஸ் காத்திருந்து கைவிட்டுவிட்டது. நாங்கள் மாற்றாவிட்டால் அது காத்திருப்பது 60 செக்கன். 413 வந்தால் பிஎச்பியைத் தொடவே வேண்டாம், 1 எம்பிக்கு மேற்பட்டதை என்ஜின்எக்ஸே திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த எல்லையை உயர்த்தினால் அடுத்து பிஎச்பியின் 2 எம்பி எல்லை முட்டும். ரியூட்டரிப் பிள்ளைகள் போனில் எடுத்த படம் எதுவும் இந்த இரண்டுக்குள் அடங்காது.

502தான் சுவையானது: எஃப்பிஎம்மிடமிருந்து என்ஜின்எக்ஸுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. என்ஜின்எக்ஸின் எரர் லொக்கில் (பிழைகளைக் குறித்துவைக்கும் ஃபைல்) சொக்கெற்றைத் தொட முடியவில்லை என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் ஒரு இலக்கம் இருக்கும். பலர் அதைப் படிக்காமல் உடனே ரீஸ்டார்ட் போடுகிறார்கள். 2 என்றால் அந்த சொக்கெற் ஃபைலே அங்கே இல்லை. 13 என்றால் இருக்கிறது, ஆனால் பர்மிஷன் இல்லை. 111 என்றால் ஃபைல் இருக்கிறது, மறுபக்கம் கேட்க யாரும் இல்லை. 11 என்றால் வரிசை நிரம்பிவிட்டது. உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாறும்போது பிஎச்பி 7.4 போய் 8.1 வரும். சொக்கெற்றின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் என்ஜின்எக்ஸ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். அங்கே வருவது 2. ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

11 வருவது திருவிழாக் காலத்தில். நல்லூர்க் கொடியேற்றம், தேர் என்றால் இங்கே கோயில் சைட்டுகள் எல்லாமே சூடாகும். எஃப்பிஎம்மின் வேலையாட்கள், அதாவது ஸ்கிரிப்டை ஓட்டும் ப்ராசஸ்கள், நாங்கள் மாற்றாவிட்டால் அதிகபட்சம் 5, ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்தான் பார்ப்பார். எல்லை முட்டியதும் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி எஃப்பிஎம் தன் லொக்கில் எழுதும். கண்ணை மூடிக்கொண்டு 50 போட வேண்டாம். ஒவ்வொரு ஆளும் மெமரி தின்பார். அது தீர்ந்தால் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பெரிய ப்ராசஸாகப் பார்த்துக் கொல்லும். சின்ன சேர்வரில் அது பெரும்பாலும் டேட்டாபேஸை ஓட்டும் மைஎஸ்க்யூஎல். அப்புறம் டேட்டாபேஸில் பழுது என்று நினைத்து நீங்கள் வேறு திசையில் அலைவீர்கள்.

ஆட்களைக் கூட்டுவதற்கு முன், இருப்பவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் எஃப்பிஎம்மின் ஸ்லோ லொக், மெதுவான ஸ்கிரிப்டுகளைக் குறித்துவைப்பது. எனக்கு இந்தச் சோடியில் மிகவும் பிடித்தது இதுதான். தொடக்கத்தில் அணைத்து வைத்திருப்பார்கள், நாங்களே நேரம் குறித்துப் போட வேண்டும். 5 செக்கன் என்று வைத்தால், அதைத் தாண்டும் ஸ்கிரிப்ட் அந்தக் கணத்தில் எந்த ஃபைலில், எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிவிடும். ஊர்ச் சங்கத்தின் மரண அறிவித்தல் பக்கம் அடிக்கடி தொங்கியபோது அது காட்டியது, டொலர் விலையை வெளியிலிருந்து எடுத்துவரும் ஒரு வரியை. பிஎச்பி ஸ்கிரிப்டுக்கு 30 செக்கன் எல்லை இருக்கிறதே என்று கேட்பீர்கள். லினக்ஸில் நெட்வேர்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. வெளி சேர்வர் பேசாமல் இருந்தால் 5 பேரும் அங்கேயே நிற்பார்கள்.

குறைகளும் உண்டு. ஸ்கிரிப்ட் எரர்களை எஃப்பிஎம் லொக்கில் தேடினால் கிடைக்காது. தனி ஃபைல் குறிக்காவிட்டால் அவை என்ஜின்எக்ஸ் லொக்கில்தான் விழும். கமாண்ட் லைனுக்கு ஒரு பிஎச்பி ஐஎன்ஐ (அமைப்பு ஃபைல்), எஃப்பிஎம்முக்கு வேறொன்று. கிரோனில், அதாவது குறித்த நேரத்தில் தானாக, ஓடுவது பிரவுசரில் ஓடாததற்குப் பாதிக் காரணம் அதுதான். இன்னொன்று இவற்றைவிட மோசம். அப்பாச்சி என்ற வேறொரு வெப் சேர்வருக்காக ஃபோல்டருக்குள் வைக்கும் எச்டிஅக்சஸ் என்ற கட்டுப்பாட்டு ஃபைலை என்ஜின்எக்ஸ் படிக்கவே படிக்காது. பழைய சைட்டில் அதை நம்பிப் பூட்டியிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மாறிய அன்றே திறந்துவிடும், எந்த எரரும் வராது.

நேரமும் ஒரு தொல்லை. விபிஎஸ் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். அதன் நள்ளிரவு எங்களுக்கு விடிய ஐந்தரை, கோடை காலத்தில் ரொறன்ரோவுக்கு இரவு எட்டு. கனடாக்காரர் சைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தை ஒட்டித்தான் லொக் சுழலும், அதாவது பழையதை ஒதுக்கிவிட்டுப் புது ஃபைல் தொடங்கும். காலையில் திறந்தால் ஃபைல் காலி; முறைப்பாடு செய்தவர் பார்த்த எரர் புள்ளி 1 என்று முடியும் பழைய ஃபைலில் இருக்கும். ஆனாலும் லொக் என்பது வெறும் எழுத்து. 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்களில் போனிலிருந்தே எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) போட்டுப் பார்க்க முடிந்தது.

எந்த லொக்கிலும் அகப்படாத ஒரு பிழை எங்கள் மொழிக்காரருக்கு அடிக்கடி வரும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். அறிவித்தலின் தலைப்பை பிஎச்பியின் வெட்டும் கட்டளையான சப்ஸ்ட்ரிங்கால் 50 பைட்டில் வெட்டினால் ஒரு குறியின் நடுவில் கத்தி விழலாம். அதை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றப் போனால் பிஎச்பி எரர் போடாது, பொய் (false) என்ற மதிப்பைத் திருப்பித் தரும். வெளியே போவது 200, அதாவது எல்லாம் சரி என்ற இலக்கம்; உள்ளே வெறுமை. பைட்டுக்குப் பதில் குறிகளை எண்ணும் எம்பி சப்ஸ்ட்ரிங் போட்டால் ஜேசன் சரியாகும், ஆனால் ‘கொ’வின் கொம்பை விட்டுவிட்டு ‘க’வோடு நின்றுவிடலாம். முழு எழுத்தாக வெட்ட கிராஃபீம் சப்ஸ்ட்ரிங் வேண்டும். அது ஐஎன்டிஎல் (intl) என்ற எக்ஸ்டென்ஷனில், தனிப் பொதியாக இருக்கிறது. உபுண்டுவில் அதைத் தனியாகப் போட்டு, எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்ய மறக்க வேண்டாம்.