கானாடுகாத்தானில் ஒரு வெள்ளைப் பணியாரப் பஞ்சாயத்து

தேவகோட்டையில் தம்பி வீடு இருக்கும்போது கானாடுகாத்தானில் காசு கொடுத்துத் தங்குவதா என்று அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகளுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் ஆசை எனக்குத்தான். சின்ன வயதில் கல்யாணப் பந்திக்குப் போனபோது எட்டிப் பார்த்த அந்த மாதிரி வீட்டில் ஒரு ராத்திரியாவது படுத்துத் தூங்க வேண்டும். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தங்குமிடம் ஆக்கியிருக்கிறார்கள். காலைச் சாப்பாடு சேர்த்து ராத்திரிக்கு 9,500 ரூபாய்.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புச் சுவர், எல்லாம் அப்படியே இருக்கிறது. வந்ததும் சி ஃபார்ம் நீட்டினார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிய வேண்டும், அவர்கள் மேல் தப்பில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்தில் தேவகோட்டை என்று எழுதினேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டு, இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் பர்மிங்காமைப் போட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறை போடும்போதே ‘செட்டிநாட்டுக் காலை உணவு’ என்று பார்த்துத்தான் போட்டேன். ராத்திரியே மேனேஜரைப் பிடித்து வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வேண்டும் என்றேன். நான் தமிழில் கேட்க, அவர் இங்கிலீஷில் ‘ஷ்யூர் சார்’ என்றார்.

காலையில் வந்தது டோஸ்ட், ஆம்லெட், கார்ன்ஃப்ளேக்ஸ். கூடவே பேக்டு பீன்ஸ்! இங்கிலாந்துக் காலைச் சாப்பாட்டில் தக்காளிச் சாற்றோடு வரும் பீன்ஸ் அது. 19 வருஷமாக எந்தச் சாமானைக் கண்டு ஓடிக்கொண்டிருக்கிறேனோ, அதைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி, வாழை இலை நறுக்கின் மேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். யார்க்‌ஷயரில் விட்பிக்குப் போனபோது ஒரு கிழவி வீட்டில் தங்கினோம். ராத்திரியே ஒரு சீட்டு தருவாள். முட்டை எப்படி, எத்தனை மணிக்கு என்று டிக் போட்டுக் கதவில் மாட்டிவிட்டால், எட்டரை என்றால் எட்டரைக்கு மேசையில் இருக்கும். இங்கே வாயைத் திறந்து கேட்டும் இந்தக் கதி.

மேனேஜர் வந்தார். “ஃபாரின் கெஸ்ட்டுக்குக் காரம் ஒத்துக்காது சார், அதுவும் ஆயில் ஐட்டம்.” நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே வீட்டின் பின்பக்கம், இரண்டாம் கட்டுப் பக்கமிருந்து மிளகாய் வதங்கும் வாசனை. தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் வருமே, அதே வாசனை.

‘ஸ்டாஃப் ஒன்லி’ பலகையைத் தாண்டி நேரே போய்விட்டேன். அறுபது வயதிருக்கும் ஒரு அக்கா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். ஒரு கரண்டி மாவு, நடுவில் ஒரே ஊற்று. உள்ளே போனது மேலே வந்து, ஓரம் பூப்பூவாக விரிந்து, நடுவயிறு உப்பியது. ஒரே ஒரு தடவை திருப்பினார். சிவக்கும் முன்னால் எடுத்துவிட்டார்.

“எந்த ஊரு தம்பி?”

“தேவகோட்டைக்கா.”

“தேவகோட்டைக்காரவுகளுக்கா ரொட்டி வச்சாக?”

அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பணியாரம் காலைச் சாப்பாட்டுக்கே இல்லை. பதினொரு மணிக்குச் ‘சமையல் டெமோ’, ஆளுக்கு 1,800 ரூபாய். ஆறு பிரெஞ்சுக்காரர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள், அதற்குத்தான் வெள்ளோட்டம். பிரெஞ்சு வயிற்றுக்குக் காரம் ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது. வேண்டுமானால் நீங்களும் டெமோவில் சேரலாம் என்றார் மேனேஜர். இருபது நிமிஷப் பஞ்சாயத்துக்குப் பிறகு இரண்டு பிளேட்டுக்குச் சம்மதித்தார்.

அதற்குள் அந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். பர்மிங்காமில் பத்துத் தடவை போட்டிருப்பேன், ஒன்றுகூட உப்பியதில்லை. ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைச் சரியாமல் நிற்கிறவரை கோபுரமாகக் குவிக்க வேண்டுமாம். வெண்ணெய் மாதிரி ஆட்டி, துளி பால் விட்டு, புளிக்கவிடாமல் உடனே சுட வேண்டுமாம். இட்லி மாவு மாதிரி நான் ராத்திரி முழுக்க வெளியே வைத்திருந்தேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார்.

பணியாரத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினால், மகள் என் பங்கு பீன்ஸையும் காலி செய்திருந்தாள்.

கிளம்பும்போது பில்லில் ‘ஸ்நாக்ஸ், 2 பிளேட், 600’ என்று இருந்தது. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்த மாதிரி வாடகை வாங்கும் இடங்களில் சாப்பாட்டுக்கும் அந்தக் கணக்குத்தான். காரைக்குடியில் சாதாரண மெஸ்ஸில் 5 சதவீதத்தோடு போயிருக்கும். ஆக மொத்தம் 708 ரூபாய்.

தேவகோட்டைக்கு வந்ததும் அம்மா, “என்ன போட்டாக?” என்றாள். பணியாரம் என்றேன். பில்லைக் காட்டவில்லை.