லெய்ஃபெங்கா, பாவ்சூவா: மேற்கு ஏரியில் எந்தக் கோபுரம்?

சீனாவின் ஹாங்சோ நகரில் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றால் இந்தக் குழப்பம் வரும்.

செலவு: லெய்ஃபெங்குக்குச் சீட்டு எடுக்க வேண்டும். பாவ்சூவுக்குக் காசே வேண்டாம்.

ஏறுவது: லெய்ஃபெங்கில் நகரும் படிக்கட்டு, அப்புறம் லிஃப்ட். பாவ்சூவுக்குக் கல்படியில் குன்றேற வேண்டும். கோபுரத்துக்குள் போக முடியாது.

பழமை: இரண்டும் 10ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை, இரண்டும் திரும்பக் கட்டியவை. இப்போது நிற்கும் பாவ்சூ 1933இல் எழுந்தது. லெய்ஃபெங்கின் செங்கல்லை நல்லது நடக்கும் என்று நம்பி மக்கள் பெயர்த்துப் பெயர்த்தே 1924இல் அது சரிந்தது. 2002இல் எழுந்த புதுக் கோபுரத்தின் அடியில், கண்ணாடிக்குப் பின்னால், அந்த உடைந்த செங்கல் மேடு அப்படியே கிடக்கிறது. மேலே ஓடாமல் முதலில் அங்கே நில்லுங்கள்.

வயதான அம்மா அப்பாவோடு, சூரியன் சாயும் நேரத்துக்கு லெய்ஃபெங். விடியற்காலையில் நடக்கப் பிடித்தவர்களுக்குப் பாவ்சூ.