சிப்மங்க் விமானம் என்று சொல்லி 4,600 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நான் ஏமாந்தது நேற்றிரவு பதினோரு மணிக்குத்தான் உறுதியானது. மனம் இன்னும் ஆறவில்லை. கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளைட் சிமுலேட்டர் மென்பொருளுக்குக் காசு கொடுத்து விமானம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்; எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பல்லாவரத்து மொட்டை மாடியில் நின்று விமானங்கள் தரையிறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் உருவாக்கி, 1946 மே மாதம் முதன்முதலாகப் பறந்த சிப்மங்க் மீது எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகளும் 145 குதிரைத்திறன் என்ஜினும் கொண்ட அந்தச் சிறிய பயிற்சி விமானத்தில்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் மாணவர்கள் பல்லாண்டுகள் லூப், ரோல் போன்ற வான் சாகசங்களைப் பழகினார்கள்.

சிமுலேட்டர் விமானங்களை மலிவாக விற்கும் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். விலை 4,600 ரூபாய். கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. விற்பவரைச் சோதிக்க வேண்டும் என்று, புரொப்பல்லர் எந்தப் பக்கம் சுழலும் என்று கேட்டேன். "ஜிப்ஸி மேஜர் என்ஜின் சார், உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றும். டேக் ஆஃப் போது மூக்கு வலது பக்கம் இழுக்கும், இடது பெடலை மிதிக்கணும்" என்று அடுத்த நிமிடமே பதில் வந்தது. பதில் முற்றிலும் சரி. அந்த ஒரு பதிலில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நானே முடிவு கட்டி, யுபிஐ மூலம் 4,600 ரூபாயையும் ஒரே தவணையில் அனுப்பினேன்.

வந்த கோப்பை நிறுவி, ஓடுபாதையில் நிறுத்தி, த்ராட்டிலை முன்னே தள்ளி, பாடம் படித்த பிள்ளையாக இடது பெடலை மிதித்தேன். விமானம் நேராக இடப்பக்கப் புல்வெளிக்குள் ஓடியது. புரொப்பல்லர் வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தது! சிப்மங்கில் பிரேக்குக்கு இடக்கைப் பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு. இதில் அது சுவரில் ஒட்டிய படம், அசையவே இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேறொரு பயிற்சி விமானத்துக்குச் சிப்மங்க் சாயம் பூசி, என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டதற்கு, முதலில் என் கிராஃபிக்ஸ் கார்டு பழசு என்றார். கார்டு பழசானால் புரொப்பல்லர் திசை மாறுமா? பிறகு சிமுலேட்டரை மறுபடி நிறுவச் சொன்னார். இரவு இரண்டு மணிவரை அதையும் செய்தேன். "டெவலப்பரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது மூன்றாவது பதில். ரீஃபண்ட் என்ற சொல்லை எழுதியதும் என்னை பிளாக் செய்துவிட்டார். அந்த வலைத்தளத்திடம் முறையிட்டால், இது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான விவகாரம் என்று ஒற்றை வரி. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். 4,600 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன்; இப்போது தோன்றுவது இவ்வளவுதான். விமானத்தை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலோ சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையிலோ மட்டும் வாங்குங்கள். ஓட்டிக் காட்டும் வீடியோ கேளுங்கள், அதில் பெடல் தெரிய வேண்டும். பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் செய்தபின் ஒன்றும் கிடைக்காது.

இதை எழுதி முடிக்கும்போது நண்பனின் கணக்கிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இன்று காலை புதிதாக எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தைப் போட்டிருக்கிறார்கள், விலை 5,200.