மணல்மேட்டு ராஜாவா, கல்லா மண்ணாவா?

பெங்களூரில் ஞாயிறு மாலை பிள்ளைகளை எந்த ஆட்டத்தில் இறக்கிவிடுவது என்று குழம்புகிறவர்களுக்காக. ‘கிங் ஆஃப் தி ஹில்’லில் மேட்டின் உச்சியில் நிற்பவர் ராஜா; அவரை இறக்குபவர் அடுத்த ராஜா. ஆங்கிலத்தில் ஆதிக்கம் செலுத்துபவரை இன்றும் அந்தப் பெயரால் சொல்வதுண்டு.

இடம்: ராஜாவுக்கு இடுப்பளவு மணல்மேடு, சுற்றிலும் வெறுந்தரை. கல்லா மண்ணாவுக்கு அபார்ட்மெண்ட் நடைபாதையும் ஓரத்து மண்ணும் போதும்.

காயம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். கட்டட வேலைக்குக் குவித்திருப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். உடைத்த பாறை என்பதால் முழங்காலைச் சிராய்க்கும். உள்ளே ஆணியும் கம்பியும் கிடக்கலாம். அங்கே வேண்டவே வேண்டாம். நல்ல மணலிலும் முதுகில் தள்ளினால் குப்புற விழுவார்கள். தோளோடு தோள் மட்டும், கழுத்தையும் சட்டையையும் பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லா மண்ணாவில் வழுக்கல்தான் பயம். மழையில் நனைந்த கிரானைட் விளிம்பில் ஆடவிடாதீர்கள்.

வயது: ராஜா ஆட்டத்தில் பெரிய பையனே உச்சியைப் பிடித்துக்கொள்வான். கல்லா மண்ணாவில் பிடிப்பவர் ‘மண்’ என்று தேர்ந்தெடுத்தால், கல்லைவிட்டு இறங்குபவரைத்தான் தொடலாம். ஐந்து வயதுக் குட்டியும் போக்குக் காட்டி ஓடும். எல்லாரும் கல்லிலேயே நின்றால் ஆட்டம் செத்துவிடும். பத்து எண்ணுவதற்குள் இடம் மாற வேண்டும் என்று வையுங்கள்.

ஒத்த வயதில் நான்கைந்து பேர், மெத்தென்ற மணல், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் ராஜா. மற்ற நாளெல்லாம் கல்லா மண்ணா.