அத்தையின் லேப்டாப் கடைக்காரர் கணக்கில் திறந்தது

திருச்சியில் லேப்டாப்பை ‘ஓஎஸ் போட’க் கொடுத்தவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் போயிருக்கிறது, அது அதன் வழியில் போகட்டும். தவிர, இது ஒரே ஒரு கடையின் பழக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தை ஓய்வுபெற்ற டீச்சர். லேப்டாப் வாங்கும்போதே அசல் விண்டோஸ் 11 ஹோம் அதில் இருந்தது. மெதுவாகிவிட்டது என்று வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தார். “ஃபுல்லா ஃபார்மட் பண்ணி, புரோ வெர்ஷன் போட்டு, ஆஃபீஸும் சேர்த்துத் தர்றோம் மேடம்” என்று 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, “இந்தச் சின்ன வேலைக்கா மேடம்?” என்று சிரித்திருக்கிறார்கள். லேப்டாப் வேகமாகத்தான் ஓடியது. திறக்கும்போது கடையின் பெயர் வந்ததை அத்தை விளம்பரம் என்று எடுத்துக்கொண்டார். கடைக்காரர் சொல்லிக்கொடுத்த நாலு இலக்க பின்னைப் போட்டுத் திறந்து, பென்ஷன் வேலைகளையும் பேரன் போட்டோக்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ, அதாவது பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் சாவி எண், கேட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். “ஹார்ட் டிஸ்க் லாக் ஆயிடுச்சு மேடம். டேட்டா ரெக்கவரி தனி. 4,500 ஆகும், அதுவும் வருமான்னு கேரண்டி இல்ல.”

அத்தை பணம் கொடுக்காமல் எனக்கு வாட்ஸ்அப்பில் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அங்கேதான் விஷயம் வெளுத்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், அந்தச் சாவி எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று பாதி மறைத்த ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திரையே காட்டும். அந்த முகவரியின் முதல் எழுத்துகள் அத்தை பெயருடையவை அல்ல, கடை பெயருடையவை.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடும்போது அது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கும். வாடிக்கையாளரை உட்காரவைத்து அவருக்கென்று கணக்குத் திறக்க நேரமாகும் என்பதால், கடைக்காரர் தன் சொந்தக் கணக்கையே போட்டுவிடுகிறார். அந்தக் கணக்கில் நுழைந்ததுமே விண்டோஸ் டிஸ்க்கைத் தானாகப் பூட்டி, சாவியை அதே கணக்கில் சேமித்துவிடும். அதன்பிறகு பயோஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மாதிரி ஏதாவது மாறினால், சாவியைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை எந்த நிபுணராலும் படிக்க முடியாது. சாவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆக, ‘டேட்டா ரெக்கவரி’ என்று அவர் விலை சொன்ன சரக்கு, தன் கணக்கைத் திறந்து ஒரு எண்ணைப் பார்த்துச் சொல்வது. அதற்கு 4,500 ரூபாய். கேரண்டி இல்லையாம்!

அடுத்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். கடையில் நின்று, “அண்ணே, உங்க மெயில் ஐடிலதானே கீ இருக்கு, ஓப்பன் பண்ணிக் காட்டுங்க” என்றேன். முதலில் மைக்ரோசாஃப்ட் சர்வர் பிரச்சினை என்றார். அப்புறம் அந்த வேலையைச் செய்த பையன் இப்போது இல்லை என்றார். கடைசியில் திறந்தார். அந்தப் பக்கத்தில் இருந்தது எங்கள் சாவி மட்டுமல்ல. கீழே கீழே நகர்த்திக்கொண்டே போகும் அளவுக்குக் கணினிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

பணம் இரண்டாம்பட்சம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பை முழுதாகப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் வேறு விஷயத்துக்கு. டெஸ்க்டாப்பில் யாரோ ஒருவரின் பயோடேட்டா, ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு குழந்தையின் பள்ளிச் சான்றிதழ். “இதெல்லாம் அப்பப்போ தானா வரும்டா, கம்ப்யூட்டர் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்” என்றார் அத்தை. விண்டோஸில் நுழைகிற கணக்கே, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்கும் கணக்கு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டர்களையும் அது இணையத்துக்கு ஏற்றி, அதே கணக்கில் இருக்கும் மற்ற கணினிகளுக்கும் இறக்கும். முகம் தெரியாதவர்களின் காகிதம் இங்கே வந்தது என்றால், அத்தையின் ஆதாரும் பென்ஷன் புத்தக நகலும் எத்தனை வீடுகளில் திறந்து கிடக்கின்றனவோ. இலவசக் கணக்கின் 5 ஜிபி நிரம்பிவிட்டதால் மேற்கொண்டு ஏறாமல் நின்றிருந்தது. அதுதான் இதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

இப்படி அந்நியர் ஃபைல்களைப் பார்த்தால் உடனே அழிக்காதீர்கள். நீங்கள் இங்கே அழித்தால் அவர்கள் வீட்டிலும் அழியும். முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ‘அன்லிங்க் திஸ் பிசி’ கொடுத்து இணைப்பை அறுங்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பார்த்தால், ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி. ரிட்டயரான டீச்சருக்கு எது நிறுவனம்? பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்காக வைத்திருக்கும் கே.எம்.எஸ். என்ற முறை அது. 180 நாளுக்குள் அலுவலக சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். திருட்டு ஆக்டிவேட்டர், அந்த சர்வரைப் போல லேப்டாப்புக்குள்ளேயே உட்கார்ந்து நடிக்கும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடும் என்பதால், டிஃபெண்டரின் அமைப்புகளை யாரும் மாற்றாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷனை அணைத்து, சோதிக்காமல் விட வேண்டியவற்றின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்திருந்தார்கள். அதாவது பாதுகாப்பு ஓடுகிறது, பச்சை டிக் காட்டுகிறது, ஆனால் வீட்டை மட்டும் பார்க்காது. காசு கொடுத்து வாங்கிய அசல் ஹோமைத் தூக்கிவிட்டு இந்தப் போலி புரோ. இதுபோக, தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், யாரும் ‘அக்சப்ட்’ கொடுக்காமலே உள்ளே வர பாஸ்வேர்டு வைத்து. “பிராப்ளம்னா கடையிலேர்ந்தே பார்த்துக்கலாம்னு மேடத்தோட வசதிக்குத்தான்” என்றார். மேடத்தை யாரும் கேட்கவில்லை.

இதை ஒவ்வொன்றாகத் திருத்த நான் முயலவில்லை. நம்ப முடியாதவர் கை வைத்த கணினியில் அது வீண்வேலை. அத்தையின் ஃபைல்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, என் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் அசல் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதனால் கீ எதுவும் கேட்காமல் ஹோம் தானாக ஆக்டிவேட் ஆனது. கடைக்காரர் செய்திருக்க வேண்டியதும் இவ்வளவுதான், செலவே இல்லை. இந்த முறை அத்தையின் சொந்தக் கணக்கு, ரெக்கவரி கீ காகிதத்தில் அச்சடித்து பீரோவில். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை எல்லாம் அத்தையின் போனிலிருந்து மாற்றினோம்.

கடைக்கு மறுபடி போய், அவர் ஒன்டிரைவில் இருந்த அத்தையின் ஃபைல்களை என் கண்ணெதிரே அழிக்க வைத்தேன். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. இல்லாவிட்டால் அங்கே 30 நாள் கிடக்கும். 1,200 ரூபாயைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த சேவைக்கு பில் தராததும், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வேறொருவருக்கு வெளிப்படுத்துவதும் நியாயமற்ற வணிக நடவடிக்கைப் பட்டியலில் வருகின்றன. யாருக்காவது இப்படிக் கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

பயோடேட்டாவில் எண் இருந்த அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவனும் அதே கடைதான். அவன் லேப்டாப் இன்னும் பூட்டிக்கொள்ளவில்லை.

உங்களுடையதும் இன்னும் திறக்கிறது என்றால், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் எந்த மெயில் ஐடி இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்பே பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில், டிஸ்க்கைப் பூட்டும் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்பதை அணையுங்கள். சார்ஜரை மாட்டிவிட்டு, பூட்டு முழுதாக அவிழும் வரை காத்திருங்கள். பிறகு ஃபைல்களை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் பேசப் போங்கள்.